பதினாலாம் நம்பர் அக்காவும் நான் படித்து முடித்த இரண்டு நாவல்களும்

விருதுநகரில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர், சமீபத்தில் படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவந்து வாசிக்க வேண்டும். வாசிப்பவருக்குக் காபியும் வடையும். கேட்பவர்களுக்குக் காபி மட்டும். ஓய்வுபெற்ற தாசில்தார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஓய்வுபெற்ற பாங்க் காசாளர் என்று வரிசையாக வடை தின்று முடித்து, என் முறை வந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற பட்டாசு போர்மேன்.

படித்தவை இரண்டு நாவல்கள். ஒன்று சரித்திரம், ஒன்று பேய். பெயர்களைச் சொல்லமாட்டேன், எழுதியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், நானும் இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்படுகிறேன். கேட்டது இரண்டு பக்கம். கை அதைத் தாண்டிப் போய்விட்டதற்குக் காரணம், நான் பேய் நாவலை முடித்த மறுநாள் வந்த ஒரு போன். அதைப் பிறகு சொல்கிறேன். இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

முதலில் சரித்திரம். மூன்று பாகம். முதல் பாகம் தலைக்கு வைத்துப் படுக்கத் தோதான உயரம். நாயகன் ஒரு பாளையத்தின் படைத்தலைவன். எதிரியின் கோட்டைச் சுவரைத் தகர்ப்பதற்காக மலைக்குகையில் ஒளிந்திருந்து வெடிமருந்து கலக்குகிறான். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கல்லுரலில் கொட்டி, இரும்புப் பூண் போட்ட உலக்கையால் இடிக்கிறான். வெளிச்சத்துக்குச் சுவரில் தீப்பந்தம். காலில் ஆணி அடித்த செருப்பு. இடுப்பில் வாள் வேறு, உரலில் இடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த நேரம் பார்த்து இளவரசி பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வருகிறாள். கூந்தலில் சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லையாம். கட்டிப்பிடிக்கிறார்கள். ஐந்து பக்கம் கட்டிப்பிடிக்கிறார்கள். உலக்கை கை நழுவி விழுகிறது. ஒன்றும் ஆகவில்லை.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவன் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்க வேண்டும்; நைலானும் பட்டும் உரசினால் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் பிறக்கும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருப்பதை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் படியேற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டும். இரும்பு ஆகாது. உள்ளே இரண்டு பேருக்கு மேல் ஆகாது. காதலர்கள் இரண்டு பேர்தானே என்று நூலாசிரியர் வாதாடலாம். இளவரசிக்கு ஆள்பதிவேட்டில் பெயர் இல்லை. சாம்பிராணிக் கூந்தலோடு வந்தவளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். நாயகனுக்கு மூன்று நாள் சஸ்பெண்ட்.

எனக்குச் சரித்திர நாவல் மேல் காழ்ப்பு என்று நினைக்க வேண்டாம். பயம் உண்டு. அதற்கு என் மேனேஜர் காரணம்.

பத்தாவது முடித்ததும் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் சேர்ந்தேன். குழாய் உருட்டி, மருந்து அடைத்து, திரி வைத்து, பரீட்சை எழுதிப் போர்மேன் ஆனேன். இங்கே ஒரு வரியில் முடிந்துவிட்டது, வாழும்போது பதினொரு வருஷம் ஆயிற்று. பிறகு தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே மேனேஜராக இருந்தவர் ஒல்லியான, கண்ணாடி போட்ட, பூனைக்கும் வழிவிட்டு நடக்கிற மனிதர். ஆனால் மேஜை டிராயரில் ரெஜிஸ்டருக்கு அடியில் எப்போதும் ஒரு சரித்திர நாவல் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் படிப்பார். படித்து எழுந்தால் ஆளே வேறு.

பியூனைக் கூப்பிட "யாரங்கே" என்பார். ஃபேக்ஸ் வந்தால் "ஓலை எங்கிருந்து?" லோடு ஏறிய லாரி கிளம்பும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "படை புறப்படட்டும்." என்னைப் பார்த்தால் "போர்மேனே, வடக்கு எல்லையில் என்ன நிலவரம்?" வடக்கு எல்லையில் கக்கூஸ்தான் இருந்தது. நிலவரம் அன்றாடம் மோசம்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. கேட் பக்கத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் ஆபத்து மணி. அது அடித்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். மேனேஜர் அதை அரண்மனை முரசாக ஆக்கிவிட்டார். ஆயுதபூஜைப் பொரி வந்துவிட்டதா, மணி. வடக்கே இருந்து புது ஆர்டரா, மணி. தண்ணீர்ப் பானையில் யாரோ எச்சில் டம்ளரை முக்கிவிட்டார்களா, மணி. எல்லோரும் மரத்தடிக்கு வந்து நிற்க வேண்டும், அவர் ஸ்டூலில் ஏறிப் பேசுவார்.

"சார், அது ஆபத்துக்கு அடிக்கிற மணி" என்றேன் ஒரு நாள்.

"ஆபத்து வராமல் காப்பதும் அரசன் கடமைதானே, போர்மேனே" என்றார்.

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. போகப் போக மணி அடித்தால், வேலை பார்க்கிற பெண்களில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "அடிக்கட்டும், இன்னைக்கு என்ன ஓலையோ" என்று சொல்லிவிட்டுத் திரி வைப்பார்கள்.

இனி இரண்டாவது நாவல். மலை பங்களா, பூட்டிய அறை, வெள்ளைச் சேலை, கொலுசு. நாயகி நடுநிசியில் மெழுகுவர்த்தியோடு தனியாக அந்த அறைக்குள் போகிறாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. உள்பக்கமாகத் திறக்கிற கதவு. ஒரே வாசல். நான் நாற்பது வருஷம் பார்த்த அறைகளில் எதிரெதிராக இரண்டு வாசல் இருக்கும், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும், லேசாகத் தள்ளினால் போதும். அந்தச் சட்டத்தின்படி பங்களாவைக் கட்டியிருந்தால் நாவல் பதினெட்டாம் பக்கத்தில் முடிந்திருக்கும். மேலும் பயம் எதற்கு நடுநிசிவரை காத்திருக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பயம் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலுவரை ஜெனரல் ஷிப்டில் வரும்.

இப்படிச் சிரித்தாலும், சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நானும் ஒரு பேய்க்கதை ஆசிரியன். ஒரே படைப்புதான். அச்சில் வரவில்லை, ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக வாசகர் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கம்பெனியில் பதினாலாம் நம்பர் ரூம் கெமிக்கல் குடோனுக்கு ரொம்பப் பக்கத்தில் அமைந்துவிட்டது. கூரையும் ஒழுகும். அதில் வேலை பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜரும் சம்மதித்து, தீபாவளி கழிந்ததும் இடித்துவிடலாம் என்றார். எத்தனையோ தீபாவளி கழிந்தது, ரூம் நின்றது. புங்கமரத்து நிழல் அதன் மேல்தான் விழும். பெண்கள் மத்தியானம் தூக்குவாளியோடு அங்கேதான் போய் உட்காருவார்கள், சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயருவார்கள். குடோனை ஒட்டிப் படுக்காதீர்கள் என்று சொன்னேன், திட்டினேன், எழுதி ஒட்டினேன். ஒட்டிய தாளைக் கிழித்து மடித்து விசிறிக்கொண்டார்கள்.

ஒரு நாள் ஆற்றாமையில், "ஒங்க இஷ்டம். அந்த அக்கா வந்து கேட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"எந்த அக்கா?" என்றது ஒரு குரல்.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டில் மாதநாவல் வாங்கிப் படிக்கிற ஆள். கற்பனை கையிருப்பில் இருந்தது. கம்பெனி வருமுன்னால் அங்கே ஒரு கிணறு இருந்தது, தாகத்துக்கு வந்த ஒருத்தி தவறி விழுந்துவிட்டாள், அவள் இன்னும் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு வைக்காமல் அங்கே சாப்பிடுகிறவளுக்குச் சோறு இறங்காது. நின்ற இடத்தில் கட்டிய கதை. மறுநாள் ரூம் காலி.

ஒரே வாரத்தில் அக்காவுக்கு வயசு, ஊர், குணம் எல்லாம் உண்டாகிவிட்டன. அவற்றில் ஒன்றுகூட நான் சொன்னதில்லை. படியில் வெற்றிலை வைத்தார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட கையோடு அக்கா காதிலும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் கதை கட்டியவன் கதைக்குக் கட்டுப்பட வேண்டும். அக்காவுக்குப் பயப்படச் சொன்னவனே அந்தப் படியில் ஏறினால் யார் நம்புவார்கள்? சாயங்காலம் ஒவ்வொரு ரூமாகச் சோதிப்பது என் வேலை. பதிமூன்றைச் சோதித்துவிட்டுப் பதினைந்துக்குப் போய்விடுவேன். நடுவில் நின்று இரண்டு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என் தொழில் வாழ்க்கையின் பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், அந்தக் கன்னத்தில் போட்டுக்கொண்டதைத்தான் சொல்வேன்.

சோதிப்பது எதற்கு என்று சொல்ல வேண்டும். கலந்த மருந்தை அன்றைக்கே செலவழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் சாயங்காலம் கழிவுக் குழிக்குக் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். ராத்திரி தங்கக் கூடாது. ஆனால் கையில் மிச்ச மருந்து இருக்கிறவள் மறுநாள் காலையில் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம். இல்லாதவள் புது மருந்து கலந்து பங்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி. சீசனில் அந்த ஒன்றரை மணி நேரத்தை விட யாருக்கும் மனசு வராது. ஒரு சட்டியில் போட்டு, சாக்கைப் போர்த்தி, எங்கேயாவது ஒளித்து வைப்பார்கள். நான் தேடிப் பிடிப்பேன். நான் தேடாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். முந்தின ராத்திரி நல்ல மழை. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் பேச்சியம்மாள் வந்தாள். பதினோராம் நம்பர் ரூமில் வேலை பார்த்தவள். அக்காவைக் கேலி பேசிய ஒரே ஆள் அவள்தான். "பேய்க்கா பயப்படச் சொல்லுதீக? நான் எம் புருசனோட பதினஞ்சு வருசம் இருந்தவ" என்பாள். அன்றைக்கு அந்தக் கேலி முகத்தில் இல்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன வந்து பாருங்க. பதினாலு பக்கம் ஒரு நெடி."

"என்ன நெடி?"

"மூத்திர நெடி மாதிரி. ஆனா மூத்திரம் இல்ல. கண்ணு எரியுது."

"நீ எதுக்கு அங்கன போன?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நிற்க எனக்கும் நேரமில்லை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால், அது தனக்குள்ளேயே சூடேறும். சூடேறும்போது அப்படி ஒரு நெடி கிளம்பும். கிளம்பிய பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்த யாரும் சொன்னதில்லை. ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூலையில் சாக்கு போர்த்திய சட்டி. கூரையில் தேங்கிய மழைத்தண்ணீர் அதன் மேலேயே சொட்டுகிறது. சாக்கிலிருந்து லேசாக ஆவி.

மணியை அடித்தேன். கை மரத்துப்போகும் அளவுக்கு அடித்தேன். ஒருத்தியும் வெளியே வரவில்லை. பதிமூன்றாம் ரூமிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இருங்க அண்ணாச்சி, இந்தத் தட்ட முடிச்சிட்டு வாரோம். ராசா எங்கன ஓடிப் போயிருவாரு?"

வெடிக்கப் போகிறது என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் ஓடுவார்கள். ஓடினால் கையில் இருக்கிற மருந்தைக் கீழே போடுவார்கள், முற்றத்தில் காயப்போட்டிருக்கும் வெடியை மிதிப்பார்கள். விஸ்வநத்தத்தில் ஒரு தடவை நெருப்பு தொடாத இரண்டு பேரை ஓட்டம் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். திறந்த வாயை மூடவும் முடியவில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்ததுதான் பயம். எந்த நாவலாசிரியரும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

அப்போதுதான் பேச்சி முற்றத்து நடுவில் போய் நின்று கொண்டையை அவிழ்த்தாள். ஒரு சத்தம் போட்டாள். அதை எழுத என்னிடம் எழுத்து இல்லை. எல்லா ரூமிலிருந்தும் தலைகள் வெளியே வந்தன.

"யாருடி எம் படி ஏறுனது? எனக்கு இங்கன இருப்புக் கொள்ளல. என்னைய எல்லைக்கு வெளிய கொண்டு விடுங்கடி. ஒருத்தி பாக்கி இல்லாம வரணும்."

"அக்கா வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தி கையில் தட்டோடு வந்தாள்.

"கையில ஒண்ணும் எடுக்கப்படாது. வச்சிட்டு வா. ஓடுனா பின்னாலயே வருவேன். நடந்து வாங்கடி."

கையிலிருப்பதை வை. ஓடாதே. எல்லோரும் வெளியே போ. நான் வருஷக்கணக்காகப் பாதுகாப்பு வகுப்பில் சாக்பீஸால் எழுதிப் போட்ட அதே மூன்று விதி. என் வாயில் வந்தபோது ஒருவரும் மதிக்கவில்லை. அவள் வாயில் வந்ததும் மொத்தக் கம்பெனியும் வெறுங்கையோடு, குலவை போட்டுக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்தது. ஆபீஸ் வாசலில் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தபடி "என்ன ஆரவாரம் அங்கே?" என்றார். பேச்சி அவரைப் பார்த்து "நீயும் வாடா" என்றாள். மகாராஜா பேசாமல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

நான் ஒவ்வொரு ரூமாகப் பார்த்துக்கொண்டே கடைசியாக வந்தேன். கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது முதுகில் யாரோ பாறையால் தள்ளியது மாதிரி இருந்தது. எழுந்தபோது பதினாலாம் நம்பர் இல்லை. பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் கூரை இல்லை. குடோன் சுவர் விரிசலோடு நின்றது. அது போயிருந்தால் இதை எழுத ஆளில்லை. எனக்கு இடது காது போனது, வேறு யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. மேனேஜர் வந்து என் கையைப் பிடித்தார். அவர் உதடு அசைவதுதான் முதலில் தெரிந்தது. இரண்டாம் தடவை கேட்டது.

"எல்லாரும் இருக்காகளா, அண்ணே?"

அவர் சாதாரணத் தமிழ் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அவர் அந்தத் தண்டவாளத்தைத் தொடவேயில்லை. டிராயரிலிருந்தும் வீட்டிலிருந்தும் மூன்று சாக்கு நிறையச் சரித்திர நாவல்களைக் கொண்டுவந்து என்னிடம் தள்ளிவிட்டார். நான் சரித்திரம் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

விசாரணை நடந்தது. சட்டியை யார் வைத்தது என்று எல்லோரையும் கேட்டார்கள், பேச்சியைத் தவிர. சாமி மாதிரி வந்து அத்தனை உயிரைக் காப்பாற்றியவளிடம் போய், நீ அங்கே எதற்குப் போனாய் என்று யார் கேட்பது? பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் என்னை, நீங்கள் ஏன் போகவில்லை என்று திருப்பிக் கேட்பாள். ரூமைச் சோதிக்கத் தவறியது போர்மேன் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷம் என்னைப் போர்மேன் வேலையிலிருந்து இறக்கிப் பேக்கிங்கில் போட்டார்கள். நியாயம்தான்.

சரித்திர நாவல் மணியைக் கொன்றது. பேய்க்கதை சட்டியை மறைத்தது. இலக்கியத்தால் சமூகத்துக்குப் பயன் உண்டா என்று போன மாதம் தமிழாசிரியர் கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

இனி அந்த போன். பேசியது முத்துலட்சுமி. அதே கம்பெனியில் இன்றைய போர்மேன், கெமிஸ்ட்ரி பட்டதாரி. குடோனைத் தூரத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதே நம்பரில் புது ரூம் கட்டியிருக்கிறார்கள். கட்டி வருஷக்கணக்காகியும் ஒருத்தியும் உள்ளே கால் வைப்பதில்லை.

"நான் படியில கால வச்சாலே வேலைய நிப்பாட்டிருதாங்க, அண்ணாச்சி. அக்கா எங்க மேல வந்து எறங்குவான்னு சொல்லுதாங்க. ஒங்க பேய நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

போனேன். நாற்பது பெண்கள் மரத்தடியில் கூடினார்கள், எல்லாம் புது முகங்கள். படிக்குக் கீழே நின்று உண்மையைச் சொன்னேன். அக்கா கிடையாது, கிணறும் கிடையாது, நீங்கள் மத்தியானம் இங்கே படுக்கக் கூடாதென்று நான் கட்டிவிட்ட பொய், மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் என்னை ரொம்பப் பரிவாகப் பார்த்தார்கள்.

"இப்படிச் சொல்லணும்னு அக்காதான் சொல்லியிருப்பா" என்றாள் ஒருத்தி.

"காதோட போச்சுன்னு நெனச்சோம், புத்தியும் போயிருச்சே. பாவம்" என்றாள் இன்னொருத்தி.

ஓர் ஆசிரியனின் மறுப்பை வாசகர்கள் இத்தனை மரியாதையோடு தள்ளிவிட்டதை நான் பார்த்ததில்லை. சரி, உள்ளே போய்க் காட்டிவிடுவோம் என்று செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டைத் தொட்டு, படியேறினேன். முத்துலட்சுமியும் வந்தாள். தரையில், ஜன்னல் வழியாகப் போட்ட காய்ந்த வெற்றிலை, கண்ணாடி வளையல். கதவை ஒட்டிய மூலையில், சாக்கு போர்த்திய சட்டி ஒன்று.

மூக்கு தானாக நெடியைத் தேடியது. நெடி இல்லை. காய்ந்த மருந்து, நேற்றைய மிச்சம். ஊரே நம்புகிற பேயை நம்பாத ஒருத்தி எந்தக் காலத்திலும் இருப்பாள், அவள் கையில் ஒரு சட்டியும் இருக்கும். இரண்டு எட்டுப் பின்னால் வந்து சுவரில் மோதிக்கொண்டேன். ஆயிரம் பக்கம் நாவல் செய்ய முடியாததை அந்தச் சாக்கு செய்தது.

முத்துலட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாருன்னு இப்பவே கேக்கப் போறேன்" என்றாள்.

"கேட்டா சொல்ல மாட்டாங்க, தாயி. நாளைக்கு வேற மூலைக்குப் போயிரும். வேற எங்கன எல்லாம் நீ தெனம் பாக்க?"

"எல்லா ரூமும் பாக்கேன். இது ஒண்ணுதான் விட மாட்டாங்க."

நான் வெளியே வந்தேன். நாற்பது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் முகத்தில் அப்போது நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

"நான் சொன்னது தப்பு. இருக்கா" என்றேன். "பசியோட இருக்கா. தெனமும் சாயங்காலம் மூணரைக்கு உள்ள வந்து வெத்தலையும் பழமும் வைக்கணுமாம். போர்மேன் கையாலதான் வைக்கணுமாம். நாலு மூலையும் கூட்டிச் சுத்தமா வச்சிட்டுப் போகணுமாம். சூடம், ஊதுவத்தி ஆகாது, அவளுக்குப் புகை ஒத்துக்காது."

கூட்டத்தில் நிம்மதி தெரிந்தது. ஒரே ஒருத்தி மட்டும் கீழே பார்த்தாள். முத்துலட்சுமி என் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தபடி, "நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, அண்ணாச்சி" என்றாள்.

"அதனாலதான் ஒன் கையால கேக்கா."

எல்லோரையும் கேட்டுக்கு வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவளே முறைப்படி அந்த மருந்தைக் கழிவுக் குழியில் அழித்தாள். அன்றைக்கே மூன்றரைக்கு முதல் வெற்றிலையும் வைத்தாள்.

திரும்புகிற வழியில் தாயில்பட்டியில் இறங்கிப் பேச்சியைப் பார்த்தேன். வீட்டு வாசலில் கட்டில் போட்டு என்னை உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்பம் என்ன பொஸ்தகம் படிக்கீக?" என்று கேட்டாள். பேய் நாவலைச் சொன்னேன். வெள்ளைச் சேலை என்றதும் "வெளுக்கிறது யாரு?" என்றாள். பிறகு பதினாலாம் நம்பரில் நடந்ததைச் சொன்னேன். மூன்றரை மணி வெற்றிலை வரைக்கும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சொம்பில் இருந்த மிச்சக் காபியை என் டம்ளரில் ஊற்றினாள்.

"அன்னைக்கே நீங்க ஒரு வெத்தல கொண்டாந்து வச்சிருந்தா எஞ் சட்டி மாட்டியிருக்கும்லா, அண்ணாச்சி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் நான் கேட்காதது, அவள் சொல்லாதது. காபி டம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"நீ ஒக்காந்திருக்கது என் இடது பக்கம், பேச்சி" என்றேன். "எனக்கு அந்தக் காது கேக்காது."

"தெரியும். அதான் இந்தப் பக்கம் ஒக்காந்தேன்" என்றாள்.